மெரிலின் போனும் கூரைச் சைரனும்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. சிட்னியிலிருந்து தள்ளியிருக்கும் குராபா ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவின் தண்ணீர் லாரி, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக மெரில் டுல்லக் இல்லாமல் கிளம்பியது. லாரியை ஓட்டுகிறவளே அவள்தான். அழைப்பு அவளுக்கு வரவில்லை. துணி காயப்போடும்போது மேட்டுக்கு அப்பால் புகையைத்தான் பார்த்தாள். வண்டியை விரட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் கதவு திறந்து கிடந்தது, உள்ளே லாரி இல்லை. ஹெதர் நோலனின் வைக்கோல் கொட்டகை முழுசாக எரிந்து போனது.

அழைப்பு வருகிற செயலி மெரிலின் இப்போதைய போனில் ஓடாது. அது தெரிந்துதான் அந்தப் போனுக்கு மாறினாள்.

அவள் கணவன் கிளிஃப்புக்குக் கணையத்தில் புற்றுநோய். "எத்தனை நாள்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டவன். டாக்டர் மெரிலிடம் தனியாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்து அவள் அதைப் போனில் தேடிப் பார்த்தாள். மறுநாள் காலை ரக்பி ஸ்கோர் பார்க்க கிளிஃப் அந்தப் போனை எடுத்தான். அவள் தேடியதை மோப்பம் பிடித்து, திரை நிறைய இறுதிச்சடங்கு விளம்பரம். இந்த மாதத்துக்குள் பதிந்தால் சவப்பெட்டிக்குத் தள்ளுபடி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்ப கிறிஸ்துமஸ் எனக்கு இல்ல" என்றான்.

அவனை அடக்கம் செய்ததும் பழைய போன் ஒன்றை வாங்கி, பெரிய கம்பெனிகளின் வாடையே இல்லாத மென்பொருளை ஏற்றிக்கொண்டாள். வங்கிச் செயலியும் அதில் ஓடாததால் வங்கி வேலைக்குப் பக்கத்து டவுனுக்கு ஓட்டினாள். பேத்தியின் படங்கள் வருவது நின்றது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். லாரியை விட்டுக்கொடுக்க மட்டும் முடியவில்லை.

வியாழக்கிழமை ஸ்டேஷனில் குழு கூடியபோது கேப்டன் டார்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தனியா மெசேஜ் போடுன்னு சொன்னேனா இல்லையா?"

"தீ எரியுது மெரில்! ஒரு கையில ரேடியோ, ஒரு கையில பூட்ஸ். மறந்துட்டேன், தப்புதான். ஆனா செயலியில பார்த்தா யாரு எங்க வர்றாங்கன்னு புள்ளி புள்ளியா தெரியுது. நீ வர்றியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வந்து நின்னா தெரியும். இத்தனை வருஷமா அப்படித்தானே தெரிஞ்சுது?"

"அடுத்த தடவை புறா அனுப்புறோம்" என்றான் பம்பைக் கவனிக்கிற பாஸ் என்பவன்.

"அனுப்பு. அது என் வீட்டு விலாசத்தை எவனுக்கும் விக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவிலேயே இருக்கும் ஹெதர் மட்டும் சிரிக்கவில்லை. "உன் கோவம் நியாயம்தான் மெரில். ஆனா எரிஞ்சது என் வைக்கோல்."

மெரில் எழுந்தாள். சுவரில் டேப் ஒட்டி மூடியிருந்த பெட்டியைப் பிய்த்துத் திறந்தாள். முன்பெல்லாம் தீ என்றால் குழுவைக் கூப்பிட்ட கூரைச் சைரனின் சுவிட்ச். சத்தம் தாங்கவில்லை என்று சிட்னியிலிருந்து வார இறுதிக்கு வருகிறவர்கள் புகார் செய்ததால் இரண்டு வருடமாக ஊமையாகிக் கிடந்தது.

அழுத்தினாள். ஊரே அலறியது, நாய்கள் உட்பட.

அது ஓய்வதற்குள் டார்சியின் போன் அடித்தது. பேசிவிட்டு வைத்தான். "ஏரிக்கரை வீட்டுக்காரர், இந்த வாரம் சீக்கிரமே வந்துட்டார். கவுன்சில்ல புகார் போடுவாராம்."

"போடட்டும். அவருக்குப் புகார் போட ஒரு இடமாவது இருக்கு. கிளிஃப்புக்கு அவன் சாவை விளம்பரமா காட்டினாங்களே, அதுக்கு நான் யாருகிட்டப் போய்ப் புகார் போட? எங்கேயாவது அதுக்கு ஒரு கதவு இருக்கா?"



ஹெதர் டார்சியின் பக்கம் திரும்பினாள். "மாட்டுக் கொட்டகையில என் போனுக்கே சிக்னல் வராது டார்சி. அன்னைக்கு நானும் புகையைப் பார்த்துத்தான் ஓடினேன். இந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கும்."

டார்சி டேப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டான்.

இனி ஒவ்வொரு அழைப்புக்கும் செயலியோடு சைரனும் ஒலிக்கும். கவுன்சில் புகாரைப் பிப்ரவரியில் விசாரிக்கிறது. அதுவரை லாரியை மெரில் ஓட்டுகிறாள்.