இரண்டு பக்கமும் பிழை

முதலாம் உலக யுத்தம் மூண்டதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, ஒரு மாணவி "ஜெர்மனிதான்" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். இருபதுக்கு ஆறு போட்டேன். மாத்தளை நகரத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த காலம் அது. ஜெர்மனி திட்டமிட்டே இறங்கியது என்பார் ஒரு வரலாற்றாசிரியர். ஆஸ்திரியா கெடு விதித்தது, ரஷ்யா படை திரட்டியது, எல்லோருமாகச் சேர்ந்துதான் குழியில் விழுந்தார்கள் என்பார் இன்னொருவர். இரண்டையும் எழுதிவிட்டு நடுவில் நிற்பதே நல்ல விடை என்று சொல்லிக்கொடுத்தேன். நடுவில் நிற்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர் அந்தத் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாவம் சேர் அந்தப் புள்ள. ஒரு முடிவச் சொன்னதுக்கா மார்க்ஸ வெட்டுனீங்க? எங்க பாடத்துல முடிவு சொல்லாட்டித்தான் வெட்டுவோம்."

"இது கணக்கு இல்ல டீச்சர், சரித்திரம்" என்றேன் மிதப்பாக.

அதே பள்ளித் தவணையில்தான் அது நடந்தது. நேரசூசியில் தன் பாட நேரங்களை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கப் போன கணக்கு டீச்சரின் முகத்தில், உப அதிபர் வரவு இடாப்புப் புத்தகத்தை வீசி அடித்தார். மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. டீச்சர் குரலைக்கூட உயர்த்தியிருக்கவில்லை. அறையில் இருந்த மூன்றாவது ஆள் நான்தான்.

கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்து என்னிடம் கேட்டார்: "யாரு சேர் தொடங்குனது?"

உப அதிபருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. நானோ ஆமி செக் பொயின்ட் செக் பொயின்டாக இறங்கி ஏறி, தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நாயாய் அலைந்து, அப்போதுதான் நகரத்துக்கு மாற்றம் வாங்கி வந்தவன். பயம். வேறொன்றுமில்லை, வெறும் பயம். ஆனால் வாயில் வந்ததோ பரீட்சை விடை.

"ஒருத்தர மட்டும் சொல்ல ஏலாதுங்க. ரெண்டு பக்கமும் பிழை இருக்கு. சூழ்நிலையையும் பாக்கணும்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எவ்வளவு நியாயமான மனுஷன் என்று நினைத்திருப்பார். சீ!

உப அதிபருக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சருக்கு ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை. தினமும் போய்வர முடியாத தூரம். போகாவிட்டால் வேலை போய்விடும். பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போவதென்று முடிவானது.

பிரியாவிடைக்கு யார் பேசுவது என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பேச்சு நன்றாக வரும். அவருடைய நேர்மை, துணிவு என்று கால்மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். பரிசைக் கொடுக்கக் கிட்டப் போனபோது புருவத்துத் தழும்பு தெரிந்தது. வாங்கிக்கொண்டே எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இவ்வளவு பேச்சு எதுக்கு சேர்? அன்னைக்கு 'அவர்தான் அடிச்சாரு'ன்னு ரெண்டு சொல்லு சொல்லியிருந்தாப் போதும். நான் புள்ளயோட இருந்திருப்பேன்."

உப அதிபர் செத்துப்போனார். எனக்கும் பென்ஷன் வந்துவிட்டது. பயப்பட இனி யாருமில்லை என்று ஆன பிறகு எழுதுகிறேன்: அவர்தான் அடித்தார்.