மெமரியை விட்டுப் போகாத பெயர்

இதை நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். நானே கம்ப்யூட்டர் படித்தவன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். 2009இல் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன்.

அடிக்கடி தேடப்படும் தகவலை டேட்டாபேஸ் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும், அதற்குக் கேஷ் என்று பெயர். அந்த வாரம் ஸ்கிரீன் நகரவே இல்லை. கேஷைக் கண்காணித்தேன், ஒதுக்கிய மெமரி போதவில்லை, கூட்டிக் கொடுத்ததும் வேகம் வந்துவிட்டது. ஆனால் 2005லேயே மூடிவைத்த பழைய கொடையாளர் பட்டியலின் ஒரு பக்கம் மட்டும், அதிகம் தேடப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. யாரும் அதைத் தேடவில்லை, பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. சர்வரை நிறுத்திப் போட்டால் கேஷ் காலியாகிவிடும் இல்லையா, மூன்று தடவை நிறுத்திப் போட்டேன். மூன்று தடவையும் ஐந்தே நிமிடத்தில் அதே பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

லேப் டெக்னீஷியன் பிலோமினா அக்காவிடம், "பழைய குப்பைக்கா, அழிச்சிடறேன்" என்றேன்.

"இரு தம்பி. யாரோ ஜாஸ்தி தேடறாங்கன்னுதான உன் மிஷின் சொல்லுது? அதுல யாரு இருக்காங்கன்னு மொதல்ல காட்டு."

வேறு யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா? இன்றைக்கும் அந்த அக்காவை நினைத்தால் எனக்கு வியப்புதான். அத்தனை வேலைக்கு நடுவில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"பாம்பே குரூப்பு தம்பி! பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் இந்த ரத்தம், இவுங்களுக்கு வேற எந்த ரத்தமும் சேராது. புது லிஸ்ட்ல இவுரு இல்லியே?"

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர். புது லிஸ்ட்டில் அந்த வகைக்கு இடமே வைக்காததால், மாற்றும்போது விட்டுப்போயிருந்தார். அக்கா அவர் வீட்டு போன் நம்பரை எழுதிப் பலகையில் குத்திவைத்தார்.

அன்று மதியமே குடிகாட்டிலிருந்து ஒரு பெண், பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் வந்தாள். எந்த ரத்தமும் சேரவில்லை. அக்கா ஒரே ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு, "இவளும் பாம்பே குரூப்புதான் தம்பி" என்றார். அந்த நம்பருக்கு போன் செய்தோம். மீனவரின் மனைவி எடுத்தார்.

"அவுரு அப்பவே பஸ் ஏறிட்டாரேம்மா. நேத்து சாயங்காலம் நீங்கதான கூப்டீங்க?"

நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. பத்தே நிமிடத்தில் அவர் வாசலில் வந்து நின்றார். அவர் கொடுத்த ஒரு பை ரத்தம், புதுச்சேரியிலிருந்து அடுத்தது வரும்வரை அந்தப் பெண்ணின் உயிரைப் பிடித்து வைத்தது. பிழைத்துக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் அந்தப் பக்கம் கேஷில் இல்லை, அதற்கப்புறம் வரவும் இல்லை.

ரத்தம் கொடுத்தபின் அவருக்கு என் சர்வர் அறையில்தான் டீ கொடுத்தோம். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். "ஒரு பொம்பள கொரலு சார், பேரு சொல்லல" என்றவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார். சர்வர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இதே சத்தம் சார். அந்தம்மா பேசறப்ப பின்னால இதான் கேட்டுது."

முந்தின நாள் சாயங்காலம் ஆவதற்குள்ளேயே அந்த அறையைப் பூட்டிச் சாவியோடு கடலூருக்கு வந்தவன் நான்தான். அந்த அறையில் போனே கிடையாது.