அடிப்பிடித்த உப்புமாவும் கிருபாவின் நேர்காணலும்

அன்றைக்குக் காலையில் ரவை உப்புமா அடிப்பிடித்துவிட்டது. காந்திபுரத்துப் பெண்கள் விடுதியில் சமையல் பாவாத்தாள்தான். விடுதிக்காரி பங்காரம்மா பார்த்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் வாய் ஓயாது. அந்த நேரம் பார்த்து மாடி அறைப் பெண் கிருபா தட்டோடு வந்தாள். கருகிய பக்கத்தை முழுசாகத் தன் தட்டில் வழித்துப் போட்டுக்கொண்டு, பங்காரம்மா காதில் விழும்படி, "எனக்கு இந்தக் காந்தல்தானுங்க ரொம்பப் புடிக்கும்" என்றாள்.

பாவாத்தாள் அதை மறக்கவில்லை. மறந்திருந்தால் கிருபாவுக்கு நல்லதாய்ப் போயிருக்கும். மறுநாளிலிருந்து உப்புமாவோ பொங்கலோ, எல்லோருக்கும் எடுத்து வைத்த பின் ஒரு பிடியைச் சட்டியிலேயே விட்டுத் தீயைக் கூட்டினாள். கருகியதும் சுரண்டி, "உனக்குன்னே வெச்சிருக்கறேன் அம்மணி" என்று நீட்டுவாள். கிருபா கண்ணை மூடி நெடுநேரம் ஜெபம் செய்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். வேதக்காரப் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று பாவாத்தாளுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

கிருபா தேடிக்கொண்டிருந்தது பிசினஸ் அனலிஸ்ட் வேலை.

"அதென்ன வேலை கண்ணு?"

"கம்பெனிக்காரங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு, கம்ப்யூட்டர்ல செய்யறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றதுங்கக்கா."

"கேக்கறதுக்குச் சம்பளமா!"

ஆனால் இரண்டு கம்பெனிகளில் ஒரே கேள்வியில் சறுக்கியிருந்தாள். அடுத்து வந்திருக்கும் நேர்காணலும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா பிரான்சிஸ் சொல்லிவிட்டார்.

நேர்காணலுக்கு முதல் நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பாவாத்தாளையே கேள்வி கேட்க வைத்தாள். தமிழில் எழுதிக் கொடுத்ததை, பங்காரம்மாவைப் போலவே மூக்கைத் தூக்கிக்கொண்டு பாவாத்தாள் எழுத்துக்கூட்டினாள்.

"ஏனுங்க, யூசர் ஸ்டோரின்னா என்னங்க?"

"ஆருக்கு, என்ன வேணும், எதுக்கு வேணும்னு ஒரே வரியில எழுதறதுங்க."

"கேட்டது ஒண்ணு, நெசமா வேண்டியது வேறொண்ணுன்னா? சொந்த அனுபவத்துல சொல்லுங்க."

சறுக்கிவிட்ட கேள்வி இதுதான். கிருபா கூரையைப் பார்த்தாள். பிறகு பேச்சு வேகம் பிடித்தது.

"எங்க ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு மரியாதைக்குக் காந்தல் புடிக்கும்னு சொல்லிபோட்டா. சமைக்கறவங்க ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம தினமும் கருக்கிக் குடுத்தாங்க. அவளும் வேண்டாம்னு சொல்லாம…"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவாத்தாளின் கத்தி நின்றது.

"அப்ப அந்த ஜெபம்?"

"தெம்பு கேட்டுத்தானுங்கக்கா."

"அட சென்னிமலை முருகா! உனக்காக ரெண்டு சட்டியைப் பாழாக்கிபோட்டனே! வாயைத் தொறந்து சொன்னா என்ன?"

"நீங்க அத்தனை ஆசையா நீட்டறப்ப எப்படீங்கக்கா சொல்றது?"

பாவாத்தாள் வெங்காயக் கண்ணீரோடு சிரித்த சிரிப்பில், என்னவோ ஏதோவென்று பங்காரம்மா ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் அதே கேள்வி வந்தது. கிருபா காந்தல் கதையையே சொன்னாள். கேட்டவர்களில் ஒருவர், மாமியார் வீட்டில் தானும் இப்படித்தான் பாகற்காயில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தாராம். வேலை கிடைத்தது, பெங்களூரில்.

பாவாத்தாள் அவளைக் கடைசியாகப் பார்த்தது, பஸ்ஸுக்குக் கிளம்பிய அன்றைக்குத்தான். கரண்டியோடு வாசலை மறித்தாள்.

"வழிக்கு என்ன கட்டட்டும்? இந்தத் தடவையாச்சும் நெசத்தைச் சொல்லோணும்."

"எதுன்னாலும் சரிங்கக்கா" என்றாள் அந்தப் புது அனலிஸ்ட், பழக்கம் விடாமல்.

கரண்டி மேலே உயர்ந்தது. கிருபா பையை மார்போடு அணைத்துப் பின்னால் நகர்ந்தாள்.

"காந்தாம எதுன்னாலும் சரிங்கக்கா!"