முதர்ஜிம் என்ற சொல்

கடற்கரை ஊரான இனயத்தில் கிளாரா அரபி வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டபோது பலரும் சிரித்தார்கள். அவள் படித்தது பத்தாம் வகுப்பு. வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் வார்டு துடைக்கும் வேலை பார்த்தாள். அரபி எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் பேசினால் அந்த ஊர்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

கடப்புறத்து ஆண்கள் மீன்பிடி வேலைக்காக அந்தப் பக்கம் போவது புதிதில்லை. போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல் தெரிந்திருந்தால் நல்லது என்று பங்குத்தந்தைதான் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தைத் திறந்துவிட்டார். முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் நான்கு பேர். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நோட்டும் பேனாவுமாக பெஞ்சில் உட்காரக் கூச்சப்பட்டார்கள். அவர்களில் ஏசுஅடிமைக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் வரும்.

ஊர்த் திருவிழாவில் இதே ஆண்கள் தம்போலா ஆடும்போது நம்பர் ஒன்றுகூடத் தப்பவிட மாட்டார்கள். அதை யோசித்துத்தான் கிளாரா அட்டை செய்ய ஆரம்பித்தாள். ஒரு அட்டைக்கு இருபத்தைந்து கட்டம், நடுக்கட்டம் எல்லோருக்கும் இலவசம். மற்ற கட்டங்களில் எழுத்துக்குப் பதிலாகப் படம். அவள் துண்டுச்சீட்டை எடுத்து அரபியில் கூப்பிடுவாள், அந்தப் படம் தன் அட்டையில் இருந்தால் புளியங்கொட்டையை வைக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் கத்தலாம். ஒரே படங்கள்தான் என்றாலும் அட்டைக்கு அட்டை இடம் மாறியிருக்கும்.

எந்தச் சொற்களைப் போடுவது என்பதற்கு அவள் வீடு வீடாக அலைந்தாள். போய்த் திரும்பியவர்களிடம் கேட்டாள்: "அங்க நின்னப்போ எந்த வார்த்தை தெரியாம முழிச்சிய?" ஒருவர் கயிறு என்றார். ஒருவர் கையை விரித்து, வலை இழுக்கும் விஞ்சில் போன இரண்டு விரலைக் காட்டி, நிறுத்து என்று சொல்லத் தெரியவில்லை என்றார். ஹபல், கயிறு. வக்கிஃப், நிறுத்து. தம், ரத்தம். கதர், ஆபத்து. இப்படி இருபத்தொன்று சேர்ந்தது.

மீதி மூன்றை அவளே போட்டாள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் குளச்சல் பக்கத்து ஆள் ஒருவரை முறிந்த இடுப்போடு கொண்டுவந்தார்கள். படகு முதலாளியின் ஆள் ஒரு தாளை நீட்ட, சிகிச்சைக்கான தாள் என்று நினைத்து அவர் நன்றியோடு கையெழுத்துப் போட்டார். வேலை நேரத்தில் விழவில்லை, அறையில் வழுக்கி விழுந்தேன் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. பிறகு நர்ஸ் ஒருத்தி வாசித்துச் சொல்லித்தான் கிளாராவுக்கே தெரிந்தது. அதனால் ஜவாஸ், முதலாளிமார் வாங்கி வைத்துக்கொள்ளும் பாஸ்போர்ட். மா அவக்கி, கையெழுத்துப் போடமாட்டேன். முதர்ஜிம், மொழி மாற்றிச் சொல்பவர். கடைசிச் சொல்லுக்குப் படம் வரைய அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. எதிரெதிரே இரண்டு மனிதர்களை வரைந்து, நடுவில் மூன்றாவதாக ஒருவரை நிற்கவைத்தாள்.

மண்டபம் மறுபடி நிறைந்தது. கிளாராவின் தங்கை ஜின்சியின் புருஷன் லிபினும் வந்தான். சத்தம் ரோடுவரை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் குமாரதாஸ் உள்ளே வந்தார். களியக்காவிளையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஏஜென்ட். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் விசா எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு படத்துக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசி மூன்றில் நின்றார்.

"இது எதுக்கு?"

"தெரிஞ்சிருக்கட்டும்னுதான்."

"நான் ஆளுவள வேலைக்கு அனுப்புதேன் கிளாரா, கேஸ் நடத்த இல்ல. கையெழுத்து போடமாட்டேன்னு ஒருத்தன் சொன்னா, மறுநாளே அந்த முதலாளி இனயத்துக்காரனே வேண்டாம்பான். இத அழிச்சிட்டு மத்தத நடத்து."

யாரும் கிளாராவைப் பார்க்கவில்லை.

"லாமினேட் பண்ணியாச்சு. அழியாது," என்றாள்.

அது பொய். லாமினேட் செய்ய மறுநாள்தான் கருங்கல் கடைத்தெருவுக்குப் போனாள். கடையில் நின்றபோதும் அந்த மூன்று கட்டங்களை வெட்டிவிடலாமா என்று யோசித்தாள். வெட்டவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது குமாரதாஸ் எடுத்த விசாவில் ஏசுஅடிமையோடு வளைகுடாவுக்குப் போயிருந்த லிபினிடமிருந்து வாட்சாப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. முப்பது நொடிகூட இல்லை.

"மைனி, எங்க படகப் பக்கத்து நாட்டு நேவி புடிச்சிட்டு. பார்டர் தாண்டிட்டோமாம். ஏழு பேரையும் ஒரு ஆபீஸ்ல வச்சிருக்கு. அரபியில என்னமோ தாளு தந்தாவ. நான் முதர்ஜிம் வேணும்னு சொன்னேன். நானும் வேற ரெண்டு பேரும் போடல்ல. எங்கள மட்டும் தனியா கொண்டு போறாவ. ஏசுஅடிமை அண்ணனும் மத்தவங்களும் போட்டுட்டாவ. ஜின்சிகிட்ட பைய..."

அதோடு நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

கிளாரா அந்தச் செய்தியை எத்தனை முறை கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஜின்சிக்கு அப்போது ஏழாம் மாதம். பைய என்றால் எவ்வளவு பைய சொல்வது? கையைத் துடைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் குமாரதாஸின் போன் அங்கே வந்திருந்தது.

கையெழுத்துப் போட்ட நான்கு பேரையும் அடுத்த வாரமே ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்களாம். அடம் பிடித்த மூன்று பேர் மேல் கேஸ். அவர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாதாம். அங்கேயிருக்கும் முதலாளியின் ஆள் சொன்னதை குமாரதாஸ் அப்படியே சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது: "ஒங்க அக்காகிட்ட கேளு."

ஜின்சி வாசற்படியில் இறங்கி நின்றாள். அழவில்லை.

"அக்கா, அந்தப் படத்த வரஞ்சது நீதானே?"

"ஏட்டி, நான் சொல்லதக் கேளு..."

"எல்லாரும் போட்டாவ. போட்டவங்க வாறாவ. நீ சொல்லிக் குடுத்ததக் கேட்டவரு ஜெயில்ல கெடக்காரு. நான் இந்த வயித்த வச்சிட்டு எங்க போய் நிக்க?"

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று கிளாராவுக்கும் தெரியாதே. வெறும் ரசீதாகக்கூட இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் பார்த்த ஒரு தாளை வைத்து, உலகத்துத் தாள் எல்லாவற்றுக்கும் பயப்படச் சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்று அன்று முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த தெருவில் ஏசுஅடிமையின் மனைவி ரெஜினாள், புருஷன் வரப்போகிறார் என்று வீட்டை வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போன கிளாராவைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள். உடனே மறுபடி எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஞாயிறு மண்டபத்துக்கு ஒருவரும் வரவில்லை. கிளாரா அட்டைகளை அடுக்கிவைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "கொஞ்ச நாள் கழியட்டும்," என்றார் பங்குத்தந்தை.

திங்கட்கிழமை அவள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினாள். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். மீனவர் சங்கத்துக்காரர்களைப் பார்த்தாள். தூதரகத்துக்கு எழுத ஒரு வக்கீலைப் பிடித்தாள். மூன்று பேருக்கு மட்டுமல்ல, ஏழு பேருடைய பெயரையும் எழுதச் சொன்னாள். "நாலு பேரு வரப்போறாவன்னு சொல்லுதாவளே?" என்று வக்கீல் கேட்டார். "வரட்டும். பேரு இருந்தா குத்தமில்லியே," என்றாள். அந்த வாரம் போயிற்று. யாரும் வரவில்லை. இரண்டாவது வாரமும் போயிற்று. ரெஜினாள் வீட்டுச் சுவரில் வெள்ளை காய்ந்து பளிச்சென்று இருந்தது. குமாரதாஸ் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் தூதரகத்திலிருந்து வக்கீலுக்குத் தகவல் வந்தது. கேட்ட மூன்று பேருக்கும் ஒரு மலையாளி மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்திருக்கிறார்கள். தாளை அவர் வாசித்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்தே எல்லை தாண்டி வந்தோம், மீன் பிடிக்கத்தான் வந்தோம் என்று அதில் இருந்தது. படகு ஓட்டிய, முதலாளியின் நாட்டுக்காரன் ஜி.பி.எஸ்.ஸை அணைத்து வைத்திருந்தான், நாங்கள் எங்கே போகிறோம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றுபோலவே இருந்திருக்கிறது. அவர்களை விட்டுவிடப் போகிறார்கள். கையெழுத்துப் போட்ட நான்கு பேருக்கு ஆறு மாதம் தண்டனை.

லிபின் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிய காலை, ஜின்சி கிளாராவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கிளாராவும் எதிர்பார்க்கவில்லை. அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை. அன்று சாயங்காலமே ரெஜினாள் வீட்டுக்குப் போனாள்.

ரெஜினாள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "எங்க ஆளுக்கும் நீதானே படிச்சுக் குடுத்தே?"

"ஆமாக்கா."

"அவரும் அந்தக் கட்டத்துல புளியங்கொட்டை வச்சாருதானே?"

"வச்சாரு. ரெண்டு தடவ ஜெயிச்சிருக்காரு."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

அதற்குப் பதில் ஏசுஅடிமை வந்த பிறகுதான் கிடைத்தது. ஆறு மாதம் சொன்னார்கள், நான்கரை மாதத்தில் விட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தார். பார்க்கப் போன கிளாராவிடம் அவரே ஆரம்பித்தார்.

"வார்த்தை எனக்குத் தெரியும் பிள்ளே. நடுவுல நிக்குற மூணாவது ஆளு அப்படியே கண்ணு முன்னால வந்தான். ஆனா அந்த ஆபீசரு மேசையில ஓங்கி அடிச்சான் பாரு, வாயே தொறக்கல்ல. லிபின் சொன்னதுகூட எனக்குக் கேட்டுது. நானும் சொல்லணும்னு நெனச்சேன். கை தன்னால போயிப் போட்டுட்டு."

கிளாரா அழுதாள். அவள் சொல்லிக் கொடுத்தது காதுக்கும் கைக்கும்தான். கூப்பிட்டதைக் கேட்டு அவர்கள் கொட்டையை வைத்தார்கள். ஒருவரையும் எழுந்து நின்று வாய் திறக்க அவள் வைத்ததேயில்லை.

மண்டபம் மறுபடி திறக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஆட்டத்தில் இப்போது வரிசை நிறைந்தால் மட்டும் போதாது. நிறைந்தவர் முன்னால் வந்து நின்று, அந்த வரிசையில் உள்ள படங்களையும், நடுவிலிருக்கும் இலவசக் கட்டம் அதில் வந்தால் அதற்குத் தன் பெயரையும், அரபியில் உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே மேசைக்குப் பின்னால் ஏசுஅடிமை உட்கார்ந்திருப்பார். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. முன்னால் நிற்பவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து மேசையில் ஓங்கி அடித்துக் கத்துவார். முதல் வாரம் ஐந்து பேர் சொல் மறந்து நின்றார்கள்.

"திரும்பவும் சொல்லு மக்கா," என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, மறுபடியும் கையை ஓங்கினார்.