நாச்சியம்மாள் வைத்த முடி

நாச்சியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. சும்மா இருந்தால் உடம்புக்கு ஏதோ என்று அர்த்தம். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவள். பிரித்ததைத் திரும்ப மாட்டவும் மாட்டினாள், ரேடியோ பாடவும் பாடியது. ஆனால் நாலைந்து திருகு கையில் மிச்சமாகிப் போனது. அவை எந்த இடத்துத் திருகுகள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கல்யாணமாகிக் கோயமுத்தூர் கணபதிக்கு வந்தாள். புருஷன் தம்பிதுரை மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனுஷர். பம்பு மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் இவளுக்கு வேலை கிடைத்தது. செம்புக் கம்பியைச் சுற்றுவதும் சொருகுவதுமாகப் பொழுது போனவரைக்கும் வீட்டுச் சாமான்கள் பிழைத்துக் கிடந்தன. பட்டறைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் போனாரே, அதற்கப்புறம் வீட்டில் ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை. மிக்ஸியைப் பிரித்தாள், இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை "என்னமோ சத்தம் வருதுங்க" என்று இறக்கிப் பிரித்தாள்.

"ஏம்மிணி, இந்த ஊட்டுல நீ கழட்டாதது நான் ஒருத்தன்தான்" என்றார் தம்பிதுரை.

"வரிசையில நில்லுங்க மாமா. வருவேன்" என்றாள் அவள்.

பொம்மை வந்து அவரைக் காப்பாற்றியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சிக்குப் பிடித்துப்போன பொம்மை ஒன்றைக் குப்பையில் போடப்போக, இவள் தடுத்து வாங்கிக்கொண்டாள். செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வைத்து முக்கினால் ரப்பர் தலை இளகும். இளகிய சூட்டிலேயே கழுத்திலிருந்து அலுங்காமல் உருவிவிட வேண்டும். பழைய முடியை ஒட்ட வெட்டி, மிச்சம் நிற்கும் அடிக்கட்டைகளைக் கழுத்துத் துளை வழியாக இடுக்கி விட்டுப் பிடுங்க வேண்டும். தையல் ஊசியின் காதை நறுக்கிவிட்டால் இரண்டு பல் மிஞ்சும். அதில் புது முடியைக் கவ்வ வைத்து மண்டையில் உள்ள துளைக்குள் குத்தினால் முடி உள்ளே நின்றுகொள்ளும். துளை துளையாக இப்படியே குத்திக்கொண்டு போய், கடைசியில் உள்ளுக்குள் பசை ஊற்றி இறுக்கிவிடுவது. அப்பாடா, கைக்கு ஒரு வேலை ஆயிற்று.

வேலை சுத்தமாக இருந்ததால் ஆள் வந்தது. வெளியூரிலிருந்துகூடக் கூரியரில் பொம்மைகள் வந்தன. ஆனால் நாச்சியம்மாளிடம் ஒரு கோளாறு. நிறுத்தத் தெரியாது. முடியை மட்டும் மாற்றச் சொன்னால் உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு வேறு வரைவாள். புருவத்தை உயர்த்துவாள். ஒரு அம்மாளின் பொம்மைக்குக் கண்ணையே மாற்றி அனுப்பியதில், அந்த அம்மாள் போனில் அழுதுவிட்டாள். தான் வளர்ந்த வீட்டில் ஒருநாள் தனக்குப் பதிலாக வேறு யாரோ பாவாடை கட்டி நின்றால் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாள் கேட்டது நாச்சியம்மாளுக்கு ரொம்ப நாளைக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தல் ஆறாமல் இருந்தபோதுதான் ரத்தினபுரியிலிருந்து கீதா வந்தாள். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். பைக்குள்ளிருந்து எடுத்த பொம்மை மொட்டையாக இருந்தது. கத்தரியும் பிளேடும் மாறி மாறி விளையாடிய மொட்டை.

"என்ற பொண்ணு நவ்யாவோடதுங்க அக்கா. அவங்கப்பாவுக்கு வண்டியில வாரப்ப அடிபட்டுப் போச்சுங்க. தலையில ஆபரேசன். ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, உன்ற முடியைச் சாமிக்குக் கொடுத்தா அப்பா ஊட்டுக்கு வந்திருவாருன்னு சொல்லி, பழனிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டோமுங்க. இந்தப் பொம்மைப் பாப்பாவும் முடி கொடுக்கோணும்னு அவ ஒரே அடம். முடி எடுக்கறவரு சிரிச்சுக்கிட்டே இதுக்கும் எடுத்துட்டாருங்க."

"அப்புறம் அவரு?"

"வந்துட்டாருங்க, சாமி புண்ணியத்துல. நடக்கறாரு. ஆனா அவதான் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு அவங்கப்பா மூக்குக்கிட்ட கையை வச்சுப் பாக்கறாளுங்க. முடி வளர்ந்துட்டுதான் வருது, ஆனா வெய்யில்லகூடக் குல்லாயைக் கழட்ட மாட்டேங்கறா. தலையில சீப்பை வைக்க விடறதில்லை. பள்ளிக்கூடத்துல மொட்டைன்னு கேலி பண்ணியிருப்பாங்களாட்ட இருக்குதுங்க. இந்தப் பொம்மைக்காவது முடி பழையபடி வந்தா அவ மனசு தேறிருமுங்க. பாப்பா ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லி வச்சிருக்கறேன். திரும்பி வந்தாப்புல இருக்கட்டும்."

போனில் ஒரு படம் காட்டினாள். பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் சிரிக்கிற பிள்ளை, இடுப்பில் பொம்மை. பொம்மைக்குத் தோள்வரைக்கும் வளைந்து விழுந்த செம்பட்டை முடி. நெற்றியோரம் ஒரு சுருள் தனியாக நின்றது.

"அதே மாதிரி வேணுமுங்க. வேற ஒண்ணும் மாத்தப்படாதுங்க."

"மாத்த மாட்டேன் அம்மணி" என்றாள் நாச்சியம்மாள். இந்த முறை சத்தியமாக மாற்றக்கூடாது என்று மனசுக்குள்ளும் சொல்லிக்கொண்டாள்.

தலையை உருவினாள். கட்டைகளைப் பிடுங்கினாள். முகத்தைத் தொடவில்லை, துணி போட்டுச் சுற்றிக் கட்டிவிட்டாள், கை தன்னையறியாமல் போய்விடுமோ என்று. ஆனால் முடிதான் ஆட்டி வைத்தது. டவுன்ஹால் பக்கம் சவுரிக் கடைகளில் அந்தச் செம்பட்டை கிடைக்கவில்லை. மும்பையிலிருந்து வரவழைத்தது ஒரு பூச்சு கூடுதலாகச் சிவந்திருந்தது. இரண்டு நிறத்தைக் கலந்தாள். குத்தி முடித்துப் படத்தோடு ஒட்டிப் பார்த்தால் வகிடு அரை விரல் தள்ளி இருந்தது. யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். பிடுங்கினாள். மறுபடி குத்தினாள். சுருள் இறுகிவிட்டது என்று நனைத்துக் காயவிட்டுப் பிரித்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது, தம்பிதுரை தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்.

கீதா போன் செய்தாள். "ஆச்சுங்களா அக்கா? தெனமும் கேக்கறாளுங்க."

"இன்னும் சித்த இருக்குது கண்ணு."

மறுபடி போன் செய்தாள். இன்னும் சித்த. அந்தச் சித்த நேரத்துக்கு முடிவே வரவில்லை. அங்கே ஒரு பிள்ளை பொம்மையும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் இருக்கிறது என்பது நாச்சியம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நெற்றிச் சுருள் படத்தில் உள்ளதுபோல் நிற்கிறவரைக்கும் அவளால் பொம்மையைக் கையிலிருந்து விட முடியவில்லை. ஒருவழியாக அது நின்றது. படத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள், வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளை இருந்தபடியே திருப்பித் தரப்போகிறாள். கூரியராவது ஒன்றாவது, பிள்ளை சிரிப்பதைக் கண்ணால் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது என்று தானே பஸ் ஏறிவிட்டாள்.

கீதாவின் வீட்டில் அவள் புருஷன் தீபக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் சூப்பர்வைசராக இருந்தவர், இப்போது சட்டை இரண்டு சுற்று பெரிதாகத் தெரிந்தது. அவர் காலடியில் கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளை. பங்குனி வெய்யிலில் நெற்றியெல்லாம் வியர்வை.

"பாப்பா ஊருக்குப் போயிட்டு வந்துட்டா பாரு கண்ணு" என்று கீதா பொம்மையை நீட்டினாள்.

நவ்யா வாங்கினாள். முடியைத் தொட்டாள். நெற்றிச் சுருளை இழுத்துவிட்டாள், அது பழையபடி வந்து நின்றது. நாச்சியம்மாள் பல்லெல்லாம் தெரியக் காத்திருந்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து, அப்பாவின் மூக்கடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏங் கண்ணு, புடிக்கலையா?" என்றாள் கீதா.

"சாமி முடியைத் திருப்பிக் கொடுத்திருச்சுங்களாம்மா?"

கீதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளை மெதுவாகத்தான் பேசினாள். "முடியை வாங்கிட்டுத்தானே அப்பாவை அனுப்புச்சு. இப்ப முடி வந்திருச்சு. அப்ப அப்பா?"

நாச்சியம்மாள் தரையில் கிடந்த பொம்மையைக் கையில் எடுத்தாள். இழை இழையாகக் கலந்த நிறமும், பிடுங்கிப் பிடுங்கிக் குத்திய வகிடும், அந்தச் சுருளும், எல்லாம் சேர்ந்து இந்தப் பிள்ளையை இப்படிப் பயமுறுத்தவா? கொஞ்சம் மட்டமாகச் செய்திருந்தால் பிள்ளைக்கு வேறு முடி என்று தெரிந்திருக்கும். தன் கையை அவள் அன்றைக்கு வெறுத்த மாதிரி என்றைக்கும் வெறுத்ததில்லை.

"அது சாமி முடி இல்ல அம்மணி. நான் வச்ச முடி" என்றாள்.

"அதே முடிதானுங்க அத்தை. எனக்குத் தெரியும்."

"முருகன் அப்படியெல்லாம் பண்ணமாட்டாரு கண்ணு" என்று கீதா சொல்லிப் பார்த்தாள். பிள்ளை காதில் ஏறவில்லை. வாயால் சொல்லி ஆகாது என்று நாச்சியம்மாளுக்குப் பட்டது. ஒரு போசியில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கினாள். பொம்மைத் தலையை முக்கி வைத்து, இளகியதும் உருவி எடுத்து, கவிழ்த்துக் கழுத்துத் துளையைப் பிள்ளையிடம் காட்டினாள்.

"உள்ளுக்குள்ள பாரு. கெட்டியா இருக்குதே, பசை. அதுல மாட்டிட்டு இருக்குது பாரு, அது கடையில வாங்குன முடி. நான் ஊசியில குத்துனது. பாப்பா கொடுத்தது பழனியிலேயேதான் இருக்குது. சாமி ஒண்ணையும் திருப்பித் தரல."

நவ்யா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு துளைக்குள் பார்த்தாள். விரலை விட்டுப் பசையைத் தடவினாள். நம்பினாள் போலத்தான் இருந்தது, நாச்சியம்மாளுக்கு உயிர் வந்தது. அப்புறம் பிள்ளை குல்லாயின் ஓரத்தைச் சற்றே தூக்கி, காதுக்கு மேலே விரல் நீளம் வளர்ந்திருந்த கறுப்பு முடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஆரு வச்சாங்க?"

பிள்ளை தலையை மூடியது கேலிக்குப் பயந்து அல்ல. நாளுக்கு நாள் முடி திரும்பி வந்துகொண்டிருப்பதைச் சாமி கண்ணிலிருந்து ஒளித்து வைத்திருக்கிறாள். கீதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரம் திரும்பிவிட்டாள்.

தீபக்தான் எழுந்தார். சுவரைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

"இங்க கையை வை கண்ணு. தையல் போட்ட எடம். எனக்கும்தான் ஆஸ்பத்திரியில மொட்டை அடிச்சாங்க. இப்பத் தையல் தெரியுதா பாரு."

பிள்ளை தேடினாள். முடியை விலக்கி விலக்கித்தான் அந்தக் கோடு அகப்பட்டது.

"வளந்திருச்சு" என்றாள்.

"வளரும். உசுரு இருக்கறதுக்கு வளரும். எனக்கு வளருது, உனக்கு வளருது. பாப்பாவுக்கு வளராது, அதுக்கு அத்தைதான் வைக்கோணும். எனக்கு என்னைக்கு வளராம நின்னுதோ அன்னைக்கு நீ பயந்துக்கோ."

பிள்ளை இரண்டு கையாலும் அப்பாவின் தலையை வெகுநேரம் தடவினாள். பின்னால், காதோரம், உச்சி எல்லா இடத்திலும். தலையில்லாத பொம்மை நாச்சியம்மாள் மடியில் கிடந்தது, தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நாச்சியம்மாள் எதையும் தொடவில்லை.

நவ்யா குல்லாயைக் கழற்றினாள். வியர்வையில் முடி மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. பொம்மைக்கு என்று நாச்சியம்மாள் கொண்டு வந்திருந்த சிறிய சீப்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பாப்பாவுக்கு அப்புறமுங்க. மொதல்ல எனக்குச் சீவி விடுங்க அத்தை" என்றாள்.