மைக்கில் கேட்ட என் சாவு

1. குழுவில் என் வேலை

நான் செத்துப்போன செய்தியை நானே மைக்கில்தான் கேட்டேன். அதைச் சொல்வதற்கு முன் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

இன்று டிவியில் வரும் அந்தக் கானா குழு, ராயபுரத்துச் சாவு வீடுகளில் தொடங்கியது. பாட்டு கபீர், டோலக் நான். சாவு கானாவில் எங்களுக்கு ஒரே சட்டம்: செத்தவரைப் புகழணும், உயிரோடு இருப்பவரைக் கலாய்க்கணும். மாற்றிப் பாடினால் அடிதடிதான். குழுவுக்குப் பேர் வரும் நேரம் பார்த்து எனக்கு எண்ணூர் கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

அப்புறம் என்னை எவன் கேட்டான்? என் மனைவி ஸ்டெல்லாகூட நம்பவில்லை. "நீயா? அந்த குரூப்லயா? சும்மா பீலா வுடாத" என்பாள். எரிச்சலாக இருக்கும்.

2. திருவொற்றியூர் மைதானம்

ரிடையரான பிறகு எங்கள் பக்கத்திலேயே அவர்கள் கச்சேரி. ஒரு தடவையாவது என் பேரைச் சொல்வார்கள், இவள் காதில் விழட்டும் என்று ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு போனேன். பாட்டு மேல் பாட்டு போனது. பேரைக் காணோம். கடைசியில் கபீர் மைக்கைப் பிடித்துச் சொன்னான்.

"மொத மொதல்ல எங்களுக்கு டோலக் அடிச்ச ஜோசப் மாமுக்கு இந்தப் பாட்டு. அவரு இப்ப உசுரோட இல்ல."

பாட்டில் நான் சாராயத்தைத் தொடாதவன். பொண்டாட்டியை அதட்டாத உத்தமன். கூட்டமே கண்ணைத் துடைத்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "யோவ்! எம் புருசன் இங்க குத்துக்கல்லாட்டம் குந்தினு கீறாரு! யாரைக் கேட்டு சாவடிச்சீங்க?" பக்கத்தில் இருந்த பெண்ணிடம் திரும்பி, "மொத டோலக் இவுருதான்" என்றாள். அப்பாடா!

மேடைக்குப் பின்னால் கபீர் கட்டிப்பிடித்து அழுதான். "நம்பரை மாத்திக்கினு பூட்ட மாமு. எவனோ நீ செத்துட்டன்னான், நம்பிட்டேன். இனிமே அந்தப் பாட்டு ஆவாது. சம்பளத்துக்கு ஓடிப்போனவன்னு கலாய்ச்சி வேற கட்டிடறேன்."

"அய்ய, மாத்தாத நைனா" என்றாள் ஸ்டெல்லா. "இவுரு நல்லவரா கீறது அந்தப் பாட்டுல மட்டுந்தான்."

கபீர் என்னைப் பார்த்தான்.

"நா செத்தே இருக்கேன்டா" என்றேன்.

தம்பிகளே, குழுவை விட்டுப் போனால் புது நம்பரைச் சொல்லிவிட்டுப் போங்கள். நல்ல பேர் வேண்டுமென்றால் சொல்லாமல் போங்கள்.