நான் சொல்லிக்கொடுத்த சாட்சி

எட்டு வயதுக் குழந்தை ஒருத்தியின் சாட்சியத்தை நான் கெடுத்தேன். அதனால் அவளுடைய அம்மாவைக் கொளுத்தியவன் விடுதலையானான். அவன் அவளுடைய அப்பா. குழந்தையும் அவனிடமே போய்ச் சேர்ந்தது. கெட்ட எண்ணத்தோடு நான் இதைச் செய்யவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் எண்ணம் நல்லதாக இருந்ததால் அவளுக்கு ஒரு நன்மையும் விளையவில்லை. ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அது தொண்ணூறுகளின் தொடக்கம். வழக்குகளில் சாட்சி சொல்லப் போகும் ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணையாகப் போய்வர, எங்கள் சர்ச்சின் மாதர் சங்கத்தார் ஆள் தேடினார்கள். எனக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் வரும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் போலீஸ்காரர்கூட உட்காரச் சொல்வார். என் தகுதி அவ்வளவுதான். துணைக்குப் போகிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லித்தர அப்போது எவரும் இல்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு இனி என்ன தெரிய வேண்டும் என்ற நினைப்பு.

அந்தக் குழந்தை நீலசந்திராவில் தன் சித்தியோடு இருந்தாள். சித்தி வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டிப் பிழைப்பவர். அம்மா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அப்பா சொன்னான். அப்போது வீட்டில் இருந்த இன்னொரு உயிர் குழந்தைதான். அவன் ஜெயிலில் இருந்தான். நான் முதல் நாள் போனபோது, மடியில் மாவுத் தட்டோடு இருந்த சித்தி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“சார், அந்தாளு வெளிய வந்தான்னா புள்ளய இட்டுனு பூடுவான். அப்பன் கேட்டா நான் இன்னா சொல்ல முடியும்? இவ ஒழுங்கா சொன்னாப் போதும், வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

ஒழுங்காகச் சொல்லவைப்பது என் தொழில் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தி அவளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போவார்.

முதல் ஞாயிறு, என்ன நடந்தது என்று கேட்டேன். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே தன் போக்கில் சொன்னாள்.

“ஸ்கூல் வுட்டு வந்தேனா, அப்பா அம்மாவ அடிச்சினு இருந்தாரு. என்னப் பாத்துட்டு, கடைக்குப் போயி தீப்பெட்டி வாங்கினு வான்னாரு. ஓடிப் போயி வாங்கினு வந்தேன். வந்து பாத்தா அம்மா மூலையில உக்காந்துனு இருந்தாங்க. பொடவையெல்லாம் ஈரம். தண்ணின்னு நெனச்சேன். தீப்பெட்டிய அப்பாகிட்ட குடுத்தேன்.”

பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்தது. அவள் அதை விரலால் எடுக்கப் பார்த்தாள்.

என்னிடம் போலீஸ் வாக்குமூலத்தின் நகல் இருந்தது. அதில் தீப்பெட்டி இல்லை. கடைக்குப் போனதும் இல்லை. அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியதையும் பற்றவைத்ததையும் கண்ணால் பார்த்ததாக, அவள் சொன்னதுபோல் யாரோ எழுதியிருந்தார்கள். கோர்ட்டு வராந்தாவில் அரசு வக்கீலின் குமாஸ்தாவைப் பிடித்து, குழந்தை எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். “ஸ்டேட்மென்ட்ல இருக்கறதத் தாண்டவே கூடாது சார். தாண்டினா அந்தப் பக்கத்து வக்கீல் புடிச்சுக்குவாரு” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். வக்கீலைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். குழந்தை வேறுவிதமாகச் சொல்கிறாள், என்ன செய்வது என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளிடம், “தீப்பெட்டி வாங்கப் போனதை மட்டும் சொல்ல வேண்டாம்மா” என்றேன்.

“ஏன் சார்?”

“அது வேண்டாம். யாரிடமும் சொல்லாதே.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். காரணம் சொல்லும் பழக்கம் எந்த வகுப்பிலும் எனக்கு இருந்ததில்லை.

பிறகு எழுதிக்கொடுத்துப் படிக்கவைத்தேன். ‘அன்று மாலை நான் பள்ளியிலிருந்து வீட்டிற்கு வந்தேன்’ என்று தொடங்கும் பதினோரு வாக்கியங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தடுமாறாமல், கணீரென்று ஒப்பிக்க வேண்டும். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை அப்படித்தான் தயார் செய்வேன். ஒருநாள் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னங்க, பிள்ளைய சாட்சிக்கு அனுப்புறீங்களா, பேச்சுப் போட்டிக்கு அனுப்புறீங்களா?” என்று கேட்டாள். “உனக்கு ஒன்றும் தெரியாது” என்றேன்.

கோர்ட்டில் அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு திரைகூட இல்லை. பத்தடி தூரத்தில் கூண்டில் நின்றான். நான் சாட்சிக் கூண்டுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று நீதிபதி தமிழிலேயே கேட்டார். “கடவுள் தண்டிப்பார் ஐயா” என்றாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். பிறகு பதினோரு வாக்கியங்களையும் ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

“சூப்பரா சொன்னியே பாப்பா! கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க்கா?”

“இல்ல. அஞ்சாவது.”

“பரவால்ல. அப்பா மண்ணெண்ண ஊத்தினாருன்னு சொன்னல்ல, அங்கிருந்து இன்னொரு தடவ சொல்லு பாக்கலாம்.”

அவள் கைகளைப் பின்னால் கட்டினாள். “அன்று மாலை நான் பள்ளியிலிருந்து வீட்டிற்கு வந்தேன்.”

“அது வேணாம்மா. நடுவுல இருந்து.”

“அன்று மாலை நான்...”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை.

“சரி, வுட்டுடு. அப்பா ஊத்தும்போது நீ எங்க நின்னுனு இருந்த?”

பதினோரு வாக்கியங்களில் அதற்குப் பதில் இல்லை. உண்மையில் இருந்தது. அவள் கடைக்குப் போயிருந்தாள். அப்பா சொல்லித் தீப்பெட்டி வாங்கப் போயிருந்தாள். வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. “கட...” என்று தொடங்கியவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.

நீதிபதி அதைப் பார்த்துவிட்டார். “யாரு நீவு?”, நீங்கள் யார் என்று கன்னடத்தில் கேட்டார். எழுந்து நின்று ஏதோ உளறினேன். வெளியே போகச் சொன்னார். துணைக்கு என்று வந்தவன் அவளைத் தனியே விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அதன்பின் எந்தக் கேள்விக்கும் அவள் வாய் திறக்கவில்லை என்று பெண் போலீஸ் ஒருவர் வந்து சொன்னார்.

சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி, நம்புவதற்கில்லை என்று தீர்ப்பு வந்தது. ஒரு வாரத்தில் அப்பா வந்து குழந்தையை அழைத்துப் போனான். செய்தி கேட்டு நான் நீலசந்திராவுக்குப் போனபோது, அன்று கோர்ட்டுக்கு வந்திராத சித்தி, “எத்தன கேள்வி கேட்டாங்களாம்! வாயத் தொறந்துச்சா பாரு. அப்பனக் காட்டிக்குடுக்க மனசு வரல அதுக்கு. எங்கக்கா வவுத்துல பொறந்தது, போவட்டும்” என்றார்.

அவள் வாயை அடைத்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா” என்றேன். சாட்சியைக் கெடுத்ததைவிட இது பெரிய குற்றம். முன்னது மடமை. இது தெரிந்தே செய்தது.

ரத்தக்கொதிப்பு என்று சங்கத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

சுமார் பத்து ஆண்டுகள் கழிந்தன. சர்ச் மண்டபத்தில் ஒரு கூட்டம். பிள்ளைகளோடு கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓர் இளம்பெண் வகுப்பு எடுத்தாள். யாரும் இல்லாத நேரத்தில் கூட்டிப்போய்க் கோர்ட்டைக் காட்டுங்கள், யார் எங்கே உட்காருவார் என்று சொல்லுங்கள், தண்ணீர் கேட்கலாம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று சொல்லுங்கள், ஆனால் என்ன நடந்தது என்பதில் மட்டும் கைவைக்காதீர்கள் என்றாள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த இளம் வக்கீல், “அப்பீல் டைம் எப்பவோ முடிஞ்சு போச்சு சார். இதனால நீங்கதான் மாட்டுவீங்க. வீட்டுக்குப் போங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் அப்பாவோடு லிங்கராஜபுரத்தில் இருப்பதாகவும் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை செய்வதாகவும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு வேளையில் கேட்டருகே நின்றேன். வெளியே வந்தவள் பார்த்தவுடன் கண்டுகொண்டாள்.

“ஞாயித்துக்கெழம சாரு!” என்றாள். சிரிப்பில்லை.

“தீப்பெட்டியைச் சொல்ல வேண்டாம் என்றது என் தப்பும்மா. நீ சொல்லியிருந்தால்...”

“நான் வாங்கினு வந்து குடுத்ததாலதான சொல்ல வேணாம்னீங்க? தெரிஞ்சா என்னையும் ஜெயில்ல போடுவாங்கன்னு?”

இத்தனை ஆண்டுகளாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. போலீஸ் தாளில் அது இல்லை, அதனால்தான்...”

“அவ்ளோதானா?” என்றாள். சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “இத சித்திகிட்ட சொன்னீங்களா?”

“இல்லை.”

“அங்க போயி சொல்லுங்க. என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான்தான் அங்க இருந்தேனே.”

மறுநாளே போனேன். சித்தி கையில் கரிய மாவோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் மாவைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ரோட்டுல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பினு போனேன் சார். வயசுக்கு வந்துட்டான்னு சொல்லி வுட்டாங்க. அதுக்குக்கூட போவல. தாய் வீட்டுச் சீருன்னு ஒரு பொடவ இல்ல அந்தப் புள்ளைக்கு. அன்னிக்கி இதே எடத்துல நின்னுனு இருந்தீங்களே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! படிச்சவரு நீங்க. போங்க சார். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

அன்று சாயங்காலமே அவர் கார்மெண்ட்ஸ் கேட்டுக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு மாதத்தில் அவள் நீலசந்திராவுக்கே வந்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டு வந்து கத்தினானாம். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, தெருக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். அவன் இன்றும் லிங்கராஜபுரத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

அடுத்த ஆண்டு அவளுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஒரு புடவை வாங்கி, சங்கத்துப் பெண் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். பிரிக்காமலே அதைத் திருப்பிக் கொண்டுவந்தார் அவர்.

“கோவம் ஒண்ணும் இல்லையாம் சார். வேணாம்னு மட்டும் சொல்லச் சொன்னா” என்றார்.